பச்சையும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு

"நாங்க பச்சை டாக்ஸிதானே கேட்டோம்? சிவப்பு எதுக்கு வந்துச்சு?"

சினிமா தியேட்டரின் பின்வாசலில் பெட்டி படுக்கையோடு நின்றிருந்த அந்தக் குடும்பத்தலைவர் இப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. அவர் முன்னால் மணியடித்துக்கொண்டு வந்து நின்றது தீயணைப்பு வண்டி. தலைக்கவசம் போட்ட ஆட்கள் குழாயை உருவிக்கொண்டு குதித்தார்கள்.

"நெருப்பு எங்க சார்?"

"என் வயித்துலதான். ரயிலுக்கு நேரமாச்சு."

தீயணைப்பு நிலையத்தின் ரேடியோ ஆபரேட்டர் இதைச் சொல்லி முடித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த வயர்லெஸ் அம்மாவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. இருமுவதுபோல் நடித்துச் சமாளித்தார். சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

யாருடைய ரேடியோ யாருடைய ரேடியோவுக்குள் புகுந்து கலாட்டா செய்கிறது என்று கண்டுபிடிக்கும் அரசாங்க ஆபீசில் அவர் என்ஜினியர். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து அவரை லைசென்ஸ் காகிதங்களில் சீல் குத்தத்தான் உட்கார வைத்திருந்தார்கள். கெஞ்சி, கோபித்து, மறுபடி கெஞ்சி, இப்போதுதான் முதல்முறையாக வேனும் ஏரியலும் கொடுத்து வெளியே அனுப்பியிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க," என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். "முடியலைன்னா ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்க நாற்காலியும் சீலும் அப்படியே இருக்கு. குஷனைக்கூட நான் எடுக்க விடல."

அந்தக் குஷனில் இனி உட்காருவதில்லை என்று வயர்லெஸ் அம்மா தீர்மானித்திருந்தார்.

"எப்பெல்லாம் இந்தக் குரல் வருது?" என்று ஆபரேட்டரிடம் கேட்டார்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேடம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மட்டும் சுத்தமா வராது. நானும் அப்பத்தான் நிம்மதியா சாப்பிடறேன். மத்த நேரத்துல நெஜமாவே எங்கேயாவது பத்திக்கிட்டு எரிஞ்சா எனக்குக் கேக்காது. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அதற்குள் ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு குரல், "தியேட்டர் பின்வாசல், சீக்கிரம்," என்றது. இன்னொரு குரல் அதன் தலைமேலேயே, "ஆஸ்பத்திரி முன்வாசல், சீக்கிரம்," என்றது. ஆபரேட்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

வயர்லெஸ் அம்மா வேனில் ஏறினார். ஏரியலைத் திருப்பித் திருப்பி, சத்தம் கூடுகிற பக்கமாகத் தெருத் தெருவாகப் போய், கடைசியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கீழ்த்தளத்தில் இடதுபக்கம் பச்சை டாக்ஸி ஆபீஸ். வலதுபக்கம் மஞ்சள் டாக்ஸி ஆபீஸ். மொட்டைமாடியில் இரண்டு ஏரியல் கம்பங்கள்.

வேன் டிரைவர் ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இங்கயா மேடம்? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. பச்சை, அண்ணனோடது. மஞ்சள், தம்பியோடது. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது."

"ஏன்?"

"தம்பி கல்யாணத்துக்கு அண்ணன் லேட்டா வந்தாரு. அதுவும் தன்னோட டாக்ஸியிலேயே! தம்பி சபையில வெச்சுக் கேட்டுட்டாரு. அண்ணன் கோவத்துல கெளம்பினா, வெச்ச இடத்துல குடையைக் காணோம். அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை. ஊரே ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கு. எங்க வீட்ல பச்சை, மாமனார் வீட்ல மஞ்சள். பாதிப் பேர் ரெண்டு கம்பெனிக்கும் ஒண்ணா போன் போட்டுட்டு, எது முதல்ல வருதுன்னு வாசல்ல நின்னு பார்ப்பாங்க. ஜெயிச்ச வண்டியில ஏறுவாங்க."

வயர்லெஸ் அம்மா முதலில் இடதுபக்கம் நுழைந்தார். அண்ணன் கனத்த மீசையும் பச்சைச் சட்டையுமாக மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ரேடியோவைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்க. சோதனை."

"என் ரேடியோ சொக்கத் தங்கம்மா. எதிர்த்த கடையில போய்ப் பாருங்க, அதான் தகரம்."

நிறுத்தினார். தீயணைப்பு நிலையத்தில் சத்தம் சட்டென்று நின்றது. ஆபரேட்டர் போனிலேயே கை தட்டினார். வயர்லெஸ் அம்மா மேலதிகாரிக்கு உடனே போன் செய்தார்.

"பிடிச்சுட்டேன் சார். அண்ணன்தான்."

பச்சைக்குச் சீல் வைத்தார்கள். பச்சை டிரைவர்கள் தெருவில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். மஞ்சள் டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றி வந்தார்கள். தம்பி வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "சத்தியம் ஜெயிச்சுடுச்சு!" என்றார்.

மறுநாள் காலை அண்ணன் வயர்லெஸ் அம்மாவை வழிமறித்தார்.

"என்னை நிறுத்தினா சத்தம் நிக்குது. சரி. என்னை ஓட விட்டு அவனை நிறுத்திப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. சீலைப் பிரித்துப் பார்த்தார்கள். தம்பி முனகிக்கொண்டே மஞ்சளை நிறுத்தினார். பச்சை முழு மூச்சாகப் பேசியது. தீயணைப்பு நிலையத்தில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

"சார்," என்று மேலதிகாரியிடம் இழுத்தார் வயர்லெஸ் அம்மா. "தம்பிதான் போல இருக்கு."

"நேத்து அண்ணன். இன்னைக்குத் தம்பி. நாளைக்கு யாரும்மா, அக்காவா?"

அக்கா என்று நிஜமாகவே ஒருவர் இருந்தார். இருவருக்கும் மூத்தவர், கட்டடத்தின் சொந்தக்காரர், மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தார். மொட்டைமாடிக்குப் போகும்போதெல்லாம் வயர்லெஸ் அம்மாவின் கையில் ஒரு டம்ளர் டீயைத் திணித்துவிடுவார். தனி ஆள் வீடுதான், ஆனால் உள்ளே எப்போதும் பெரிய குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்.

அன்று டீயைக் குடித்துக்கொண்டே மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் வயர்லெஸ் அம்மாவுக்குப் பொறி தட்டியது. ஒரு காகிதத்தில் பச்சையின் அலைவரிசையை எழுதினார். அதை இரண்டால் பெருக்கினார். மஞ்சளின் அலைவரிசையைக் கழித்தார். வந்த விடை அச்சு அசலாகத் தீயணைப்பு நிலையத்தின் அலைவரிசை. டீ சுடுகிறதா ஆறிவிட்டதா என்றுகூடத் தெரியாமல் ஒரே மூச்சில் குடித்தார்.

அண்ணன் தம்பி இருவரையும் வாசலுக்குக் கூப்பிட்டார். ஒருவர் தெருவைப் பார்த்து நின்றார், ஒருவர் சுவரைப் பார்த்து நின்றார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா நல்லவங்க," என்றார் வயர்லெஸ் அம்மா. "ஒரே நேரத்துல பேசினாத்தான் வம்பு. பச்சை அலையும் மஞ்சள் அலையும் எங்கேயோ கலந்து, யாருமே அனுப்பாத மூணாவது அலை ஒண்ணு பொறக்குது. அது நேரா ஃபயர் ஸ்டேஷன் தலையில போய் விழுது."

"நான் பெக்காததுக்கு நான் எப்படிம்மா பொறுப்பு?" என்றார் அண்ணன்.

"அந்த ஆளோட சேர்ந்தா வெளங்காதுன்னு நான் கல்யாணத்தன்னைக்கே சொன்னேன்," என்று சுவரிடம் சொன்னார் தம்பி. மஞ்சள் டிரைவர்கள் விசிலடித்தார்கள்.

சரி, ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமே! வயர்லெஸ் அம்மா இரண்டு ஆபீசிலும் ஆளுக்கொரு சிவப்பு பல்பு மாட்டினார். தம்பி பேசினால் அண்ணன் அறையில் பல்பு எரியும், அண்ணன் பேசினால் தம்பி அறையில் எரியும். எரியும்போது மைக்கைத் தொடக்கூடாது. தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், என்ன செஞ்சீங்க? முன்னாடி அப்பப்போ வந்துச்சு. இப்ப விடாம வருது!"

ஓடிப்போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. பல்பு எரிந்தால் எதிராளிக்குச் சவாரி கிடைத்துவிட்டது என்று அர்த்தமாம். உடனே இவர் மைக்கைப் பிடித்துத் தன் வண்டிகளை விரட்டுகிறார். அதனால் அவர் அறையில் பல்பு எரிகிறது. அவர் இன்னும் வேகமாக விரட்டுகிறார். முன்பெல்லாம் தற்செயலாக ஒன்றாகப் பேசியவர்கள் இப்போது குறி வைத்து ஒன்றாகப் பேசினார்கள்.

பல்புகளைக் கழற்றினார். இரண்டு ரேடியோவுக்கும் அலையை வடிகட்டும் டப்பாக்களைப் பொருத்தினார். ஒரு பிரயோஜனமும் இல்லை. கலப்பு ரேடியோவுக்குள் நடக்கவில்லை, வெளியே எங்கேயோ நடக்கிறது.

கம்பங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் காரணமாக இருக்கும் என்று அடுத்த முடிவுக்கு வந்தார். அண்ணனின் கம்பத்தை மொட்டைமாடியின் அந்தக் கோடிக்கு நகர்த்தச் சொன்னார். நாலு ஆட்கள் வியர்க்க விறுவிறுக்க நகர்த்தினார்கள். அக்கா மட்டும் ஈரத்துணி வாளியோடு நின்று புலம்பினார்.

"இப்படிக் கொண்டுபோய் நட்டா நான் துணியை எங்கடா காயப்போடுவேன்? கம்பி எட்டலையே!"

யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா எதையோ தேடிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

சாயங்காலம் ஆபரேட்டர் அழாத குறையாகப் பேசினார்.

"முன்னாடி வார்த்தை வார்த்தையா வந்துச்சு மேடம். இப்ப முழுக்கதையும் தெளிவா வருது. எங்க வண்டிக்காரங்க, யாரை நம்பறதுன்னு தெரியாம ஷெட்டுலயே உக்காந்துட்டாங்க."

பின்னாலேயே மேலதிகாரி. "நாளைக்கு வெள்ளிக்கிழமைம்மா. சாயங்காலம் வேன் சாவியைக் குடுத்துடுங்க. குஷனைத் தட்டிப் போடச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, கையில் அடக்கமான ஒரு ரிசீவரோடு வயர்லெஸ் அம்மா கடைசி முறையாக மொட்டைமாடி ஏறினார். டிரைவரும் கூடவே வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார். ரிசீவர் இரண்டு குரலையும் கலந்து கக்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. படித்த படிப்பு, கெஞ்சிய கெஞ்சல் எல்லாம் ஒரு குஷனில் போய் முடியப்போகிறதே என்று அவருக்கு அழுகை முட்டியது.

அக்கா பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரு பச்சைச் சட்டை, ஒரு மஞ்சள் சட்டை, மறுபடி பச்சை, மறுபடி மஞ்சள்.

"ரெண்டு பேர் துணியும் நீங்கதான் துவைக்கிறீங்களாக்கா?"

"வேற யாரு துவைப்பா? ஆம்பளைப் பசங்களை நம்பினா அழுக்கோடதான் அலையணும்."

பாவம், சண்டைக்காரத் தம்பிகள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்பிறவி என்று வயர்லெஸ் அம்மா இரக்கப்பட்டார். அக்கா வாளியிலிருந்து நனைந்த போர்வை ஒன்றைத் தூக்கி, கம்பியின் நடுவில் தொப்பென்று போட்டார். கம்பி விறைத்துத் தாழ்ந்தது.

ரிசீவர் அமைதியானது.

"அக்கா! அதை எடுங்க!"

"இப்பத்தானேம்மா போட்டேன்."

"எடுங்கக்கா, கெஞ்சிக் கேக்கறேன்!"

எடுத்தார். கரகரப்பு திரும்பி வந்தது. "போடுங்க!" போட்டார். நின்றது. "எடுங்க!" எடுத்தார். வந்தது. இந்தப் பெண்ணுக்கு வெயில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிய அக்கா, போர்வையைக் கையில் பிடித்தபடி இரண்டடி பின்வாங்கினார்.

வயர்லெஸ் அம்மா கம்பியின் வழியே கண்ணை ஓட்டினார். ஒரு முனை அண்ணனின் கம்பத்தில் கட்டியிருந்தது. மறுமுனை தம்பியின் கம்பத்தில். நடுவில், எட்டாத தூரத்துக்கு ஒட்டுப்போட, துருவேறிச் சிவந்த ஒரு பழைய சங்கிலி. துருப்பிடித்த இரும்பும் இரும்பும் லேசாக உரசிக்கொண்டிருக்கும் இடத்தில் பச்சை அலையும் மஞ்சள் அலையும் வந்து சந்தித்தன, கலந்தன, மூன்றாவதைப் பெற்றெடுத்தன. போர்வையின் கனத்தில் இரும்பு இறுகப் பிடித்துக்கொண்டால் கலப்பு நின்றது. நேற்று வரை அங்கே ஒரு துருப்பிடித்த கொக்கி இருந்ததாம். கம்பத்தை நகர்த்தியதும் கொக்கி போதாமல், அக்கா முழுச் சங்கிலியாகவே போட்டுவிட்டார்.

வயர்லெஸ் அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, சட்டைகளை அள்ளி அக்கா தோளில் போட்டுவிட்டு, சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையாகக் கழற்றினார். கையெல்லாம் துரு. கீழே அண்ணனும் தம்பியும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரிசீவரில் மூச்சுப் பேச்சு இல்லை.

போன் அடித்தது.

"மேடம், சுத்தமா இருக்கு! எங்க வண்டிக்காரர் பேசறது பக்கத்துல நின்னு பேசறாப்பல கேக்குது! நீங்க நல்லா இருக்கணும் மேடம்!"

அடுத்த போன் மேலதிகாரிக்கு.

"முடிச்சுட்டேன் சார்."

"அப்படியா? கடைசியில யாரு, அண்ணனா தம்பியா?"

"அக்கா சார்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மேலதிகாரி, "வேன் சாவியை நீங்களே வெச்சுக்குங்க," என்றார். வயர்லெஸ் அம்மா மொட்டைமாடியிலேயே ஒரு சுற்று ஆடினார். தண்ணீர்த் தொட்டி நிழலிலிருந்து டிரைவர் கை தட்டினார்.

வெற்றி தலைக்கேறினால் மனுஷிக்குச் சும்மா இருக்க முடியாது. சங்கிலியைக் கையில் பிடித்தபடியே படியிறங்கி, அண்ணனையும் தம்பியையும் நடுத்தெருவுக்கு இழுத்து வந்தார். கூட்டம் சேர்ந்தது.

"பாருங்க! தப்பு உங்க மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்ல. நடுவுல இருந்த துரு மேல. அதைத்தான் எடுத்துட்டேனே! அப்புறமென்ன சண்டை? கையைக் குடுங்க ரெண்டு பேரும்!"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரே மாதிரி திகில். தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் கைகுலுக்கினார்கள். வயதான பச்சை டிரைவர் ஒருவர் மஞ்சள் டிரைவர் தோளில் சாய்ந்து விம்மினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். பேப்பரில் வயர்லெஸ் அம்மா நடுவில், சங்கிலியோடு. அந்தப் போட்டோவை வெட்டிச் சட்டம் போட்டு, ஆபீசில் பழைய குஷனுக்கு மேலே சுவரில் மாட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து, அக்காவுக்குக் கொடுக்க ஒரு நைலான் கயிறு வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பினார்.

"டாக்ஸியெல்லாம் எப்படி ஓடுது?" என்று வழியில் டிரைவரிடம் கேட்டார்.

"என்னவோ போங்க மேடம். ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டப்புறம் சுவாரசியமே போச்சு. நானே வீட்டுக்கு நடந்துதான் போறேன். நேத்துலேர்ந்து பரவாயில்லைங்கறாங்க."

தெரு முனையிலேயே பரவாயில்லை என்பதன் அர்த்தம் தெரிந்தது. வாசலில் பெருங்கூட்டம். நடுவில் அண்ணனும் தம்பியும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை.

"என் குடையை எடுத்தவன் நீதான்டா!"

"லேட்டா வந்த ஆளுக்குக் குடை ஒரு கேடா?"

பச்சை கட்சி ஊளையிட்டது. மஞ்சள் கட்சி ஹாரன் அடித்தது. உள்ளே இரண்டு ஆபீசிலும் போன் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

வயர்லெஸ் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். யாரையும் பார்க்கப் பிடிக்காமல், கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேராக மூன்றாவது மாடிக்கு ஏறினார். கதவு திறந்திருந்தது. அக்கா குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா," என்று வாசலிலேயே ஆரம்பித்தார் வயர்லெஸ் அம்மா. "சத்தத்தை நிறுத்தின மாதிரி சண்டையையும் நிறுத்திட்டேன்னு நெனச்சேன். இவ்வளவு வருஷப் பகை, ஒரு கைகுலுக்கல்ல தீருமா? உங்களுக்காகத்தான் மனசு..."

அப்போதுதான் உள்ளே பார்த்தார். மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் சண்டை சட்டென்று ஓய்ந்து, பின்பக்கப் படிக்கட்டில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் சிரித்துப் பேசிக்கொண்டே ஏறி வந்தது.

அக்கா நாலாவது தட்டை எடுத்து வைத்தபடியே சொன்னார்: "மெதுவா பேசும்மா, நீ கை குலுக்க வெச்ச வாரத்துல சவாரியே இல்லாம ரெண்டு பேரும் இங்க உக்காந்து ஒப்பாரி வெச்சாங்க, இனிமே அவங்க ராசியா இருக்கிறது ஊருக்குத் தெரியவே கூடாது."